5 கிலோமீட்டர் ஓட்டம், கூடவே ஒரு செல்லப் போட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊருக்குள் நடக்கும் 5 கி.மீ. ஓட்டத்துக்குத் தனியாகப் பெயர் கொடுப்பவர்கள் குறைவு. தினமும் காலையில் கூட ஓடுகிற ஒருவர் சேர்ந்தே கொடுத்திருப்பார். அலுவலக நண்பர், மச்சான், பக்கத்து வீட்டு அக்கா என்று யாராகவும் இருக்கலாம். "சும்மா ஜாலியா ஓடிட்டு வரலாம்" என்றுதான் பேச்சு. ஆனால் அவரைவிட ஒரு விநாடியாவது முன்னால் முடிக்க வேண்டும் என்ற ஆசை இருவருக்கும் இருக்கும். அந்த ஆசையைக் கெடுதல் இல்லாமல் எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றித்தான் இந்தக் கேள்வி பதில்கள். பாதிக்கு மேல் வேகக் கணக்கு, மீதி ஆளைச் சமாளிக்கும் கணக்கு.

5 கிலோமீட்டர்தானே? இதற்கெல்லாம் பேஸ் பார்த்து ஓடணுமா?

கட்டாயம். பேஸ் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் என்ற வேகக் கணக்கு. மாரத்தானில் ஒரு கிலோமீட்டர் தப்பாக ஓடினால் சரிசெய்ய இன்னும் 41 இருக்கிறது. இங்கே நான்குதான் இருக்கிறது.

தொடக்கத்தில் உடம்பு நம்மை நன்றாக ஏமாற்றும். ஓட ஆரம்பித்ததும் ஆக்ஸிஜன் எடுத்துக்கொள்ளும் அளவு சட்டென்று மேலே போவதில்லை. ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதுவரை தசைக்குள் ஏற்கெனவே இருக்கும் கையிருப்பில் ஓடுகிறோம். அதனால்தான் முதல் 300 மீட்டர் அத்தனை சுலபமாக இருக்கிறது. "இன்னைக்கு நல்ல ஃபார்ம்ல இருக்கோம்" என்று தோன்றுவதும் அந்த இடத்தில்தான். அது ஃபார்ம் இல்லை, கடன். இரண்டாவது கிலோமீட்டர் முடியும்போது வசூலுக்கு வந்துவிடும்.

எண்ணில் பார்ப்போம். உங்கள் இலக்கு 27 நிமிடம் 30 விநாடி என்றால் கிலோமீட்டருக்கு 5:30. உற்சாகத்தில் முதல் கிலோமீட்டரை 5:00-ல் ஓடிவிட்டீர்கள். கையில் 30 விநாடி லாபம் மாதிரி தெரியும். அதன் பிறகு பெரும்பாலும் நடப்பது இப்படி: 5:25, 5:50, 6:00, கடைசியில் உயிரைக் கொடுத்து 5:40. கூட்டினால் 27:55. லாபம் போக 25 விநாடி நஷ்டம். போதாததற்கு, கடைசி இரண்டு கிலோமீட்டரும் நரகம்.

என்னுடைய சரியான வேகம் என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரேஸுக்கு இரண்டு வாரம் முன்பு 3 கி.மீ. தனியாக, நன்றாக அழுத்தி ஓடிப் பாருங்கள். அந்தச் சராசரி வேகத்தோடு கிலோமீட்டருக்கு 10 விநாடி போலக் கூட்டினால் 5 கி.மீ. வேகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

ஏற்கெனவே 10 கி.மீ. ஓடியவர் என்றால் இன்னும் சுலபம். 10 கி.மீ. நேரத்தை 2.085-ஆல் வகுத்தால் 5 கி.மீ. நேரம் கிடைக்கும். ஒரு மணி நேரத்தில் 10 முடிப்பவர் 28 நிமிடம் 47 விநாடி வாக்கில் 5 முடிக்கலாம். தூரம் இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பைவிடக் கொஞ்சம் கூடும் என்பதுதான் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் விஷயம். ஓட்டக்காரர்கள் பல வருடமாகப் பயன்படுத்தும் கணக்கு இது, பெரும்பாலும் ஏமாற்றாது.

பக்கத்தில் 400 மீட்டர் டிராக் இருந்தால், கோவைக்காரர்களுக்கு நேரு ஸ்டேடியம் இருக்கிறது, ஒரு வாரம் அங்கே போய் அந்த வேகத்தைக் காலுக்குப் பழக்குங்கள். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்றால் ஒரு சுற்று 2:24. 5:30 என்றால் 2:12. 5 நிமிடம் என்றால் சரியாக 2 நிமிடம். நாலைந்து சுற்று ஓடியதும் வாட்ச் பார்க்காமலே வேகம் தெரியவேண்டும். ரேஸ் அன்று வாட்சைவிட இந்தப் பழக்கம்தான் கை கொடுக்கும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

துப்பாக்கி சுட்டதும் நண்பர் பிய்த்துக்கொண்டு போகிறார். நானும் கூடவே போகட்டுமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அவர் முதல் கிலோமீட்டரில் உங்களைவிட 10 விநாடி வேகமாகப் போகிறார் என்று வையுங்கள். நீங்கள் 5:30 வேகத்தில் ஓடுகிறீர்கள். அந்த 10 விநாடி என்பது தரையில் சுமார் 30 மீட்டர். இரண்டு தெருவிளக்குக் கம்பங்களுக்கு நடுவில் இருக்கும் தூரம், அவ்வளவுதான். கண்ணுக்கு அது பெரிய இடைவெளியாகத் தெரியும், நடுவில் பத்து இருபது பேர் வேறு ஓடிக்கொண்டிருப்பார்கள், அவருடைய டி-ஷர்ட் மறைந்து மறைந்து தெரியும். மனசு பதறும். ஆனால் மீதி இருக்கும் 4 கிலோமீட்டரில், கிலோமீட்டருக்கு 2 அல்லது 3 விநாடி பிடித்தாலே அந்த 30 மீட்டர் காணாமல் போய்விடும்.

அவர் உண்மையிலேயே உங்களைவிட நல்ல ஓட்டக்காரர் என்றால், முதல் கிலோமீட்டரில் கூடப் போவதால் எதுவும் மாறப்போவதில்லை. அவர் உங்கள் அளவுக்கான ஆள்தான், ஆனால் உற்சாகத்தில் ஓடுகிறார் என்றால், மூன்றாவது கிலோமீட்டரில் அவரே திரும்பி வருவார். இரண்டில் எது நடந்தாலும் நீங்கள் உங்கள் வேகத்தில் இருப்பதுதான் லாபம்.

நிற்கும் இடத்தையும் கவனியுங்கள். ஸ்டார்ட் லைனில் முதல் வரிசையில் பள்ளிக்கூடப் பையன்கள் நிற்பார்கள். 150 மீட்டர் மின்னலாய்ப் பறந்துவிட்டு நடக்க ஆரம்பிப்பார்கள். அவர்களுக்கு உடனே பின்னால் நின்றால் இடித்துக்கொள்ள வேண்டும், அவர்களோடு நின்றால் அவர்கள் வேகம் தொற்றிக்கொள்ளும். நாலைந்து வரிசை தள்ளி ஓரமாக நிற்பது உத்தமம்.

சரி, ஐந்து கிலோமீட்டரையும் எப்படிப் பிரித்து ஓடுவது?

முதல் கிலோமீட்டரில் இலக்கு வேகத்தைவிட 3 முதல் 5 விநாடி மெதுவாக இருந்தாலும் கவலை வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் நாலு வார்த்தை பேச முடிந்தால் சரியாகப் போகிறீர்கள். இரண்டாவதில் இலக்கு வேகம், பேச்சு நின்றுவிடும், மூச்சுக்கு ஒரு தாளம் வந்திருக்கும். இந்த இரண்டைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்றாவதுதான் வில்லங்கம். ஆரம்ப உற்சாகம் போயிருக்கும், ஃபினிஷ் இன்னும் மனசுக்கு எட்டாது. காலில் பெரிய வலியும் இருக்காது, கவனம்தான் சிதறும். நண்பரை மறந்து காலை டிபனை நினைப்பீர்கள். தெரியாமலே கிலோமீட்டருக்கு 10, 15 விநாடி வேகம் குறைவது இங்கேதான். அதனால் "அதே வேகத்தில் ஓட வேண்டும்" என்று நினைத்தால் போதாது, "கொஞ்சம் கூட்டி ஓட வேண்டும்" என்று நினைத்தால்தான் அதே வேகமாவது மிஞ்சும். நண்பர் முன்னால் இருக்கிறார் என்றால், அவரைத் தேட ஆரம்பிக்க வேண்டிய இடமும் இதுதான். முதல் இரண்டு கிலோமீட்டரில் அவர் உங்களைக் கெடுத்திருப்பார், மூன்றாவதில் அவரே உங்களை இழுப்பார்.

நாலாவதில் ரேஸ் உண்மையில் தொடங்குகிறது. ஐந்தாவதில் கணக்கு எதுவும் கிடையாது. வாட்சைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள்.

பெரிய ஓட்டக்காரர்களும் கிட்டத்தட்ட இப்படித்தான். உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகய் 2020-ல் மொனாக்கோவில் 5000 மீட்டரை 12 நிமிடம் 35.36 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தார். டிராக்கில் அது பன்னிரண்டரை சுற்று, சராசரியாகச் சுற்றுக்கு 60.4 விநாடி. ஆரம்பத்தில் பேஸர்கள், அதாவது வேகம் பிடித்துக் கொடுக்க முன்னால் ஓடுபவர்கள், இழுத்தார்கள், டிராக் ஓரத்தில் சாதனை வேகத்தைக் காட்டியபடி விளக்குகள் ஓடின. தொடக்கத்தில் பாய்ச்சலும் இல்லை, நடுவில் தொய்வும் இல்லை. பார்க்கக் கொஞ்சம் போர் அடிக்கும் ஓட்டம் என்றுகூடச் சொல்லலாம். சாதனை வந்தது அந்தச் சீரால்தான்.

நண்பர் முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஓடுவது தப்பா?

விதிப்படி தப்பே இல்லை. பெரிய போட்டிகளில் எல்லோரும் செய்வதுதான். 2019 அக்டோபர் 12-ஆம் தேதி வியன்னாவில் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1:59:40-ல் ஓடியபோது 41 பேஸர்கள் முறை வைத்து மாறி மாறி அவருக்குக் காற்றை மறைத்தார்கள். திறந்த போட்டியாக நடக்காததாலும் பேஸர்கள் இப்படி உள்ளே வந்து போனதாலும் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை என்பது வேறு விஷயம்.

நம் வேகத்தில் காற்றை மறைப்பதால் கிடைக்கும் நன்மை சாதாரண நாளில் ரொம்பக் குறைவு. எதிர்காற்று அடிக்கும்போதுதான் அது தெரியும். கோவையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று ஆடியில் எப்படி அடிக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் 60 கிலோ ஆள் எம்மாத்திரம்? ரேஸ்கோர்ஸ் நடைபாதை வட்டம் சுமார் 2.5 கி.மீ., இரண்டு சுற்று வந்தால் 5. மேற்கு நோக்கி ஓடும் பக்கத்தில் நண்பருக்குப் பின்னால் இருங்கள், காற்று முதுகுக்கு வந்ததும் பக்கத்துக்கு வாருங்கள்.

காற்றைவிடப் பெரிய லாபம் தலைக்குள் இருக்கிறது. முன்னால் ஓடுகிறவர்தான் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும், பின்னால் வருகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. அதனால்தான் நாலரை கிலோமீட்டர் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டு கடைசியில் குதித்து முந்தினால் நண்பருக்குக் கோபம் வருகிறது. கோபப்பட அவருக்கு உரிமை உண்டு என்பது என் கட்சி. காசு பணம் இல்லாத ரேஸில் பாதி தூரமாவது நீங்களும் முன்னால் நின்று இழுங்கள். ஒன்றுவிட்டு ஒரு கிலோமீட்டர் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், கடைசி கிலோமீட்டருக்கு இருவரும் நல்ல நிலையில் வந்து சேர்வீர்கள். இப்படி ஓடியே இருவரும் தங்கள் பெஸ்ட் நேரத்தை எடுத்த ஜோடிகள் எத்தனையோ.

அவர் களைத்துவிட்டார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தைப் பார்க்காதீர்கள், எல்லோருக்கும் முகம் கோணித்தான் இருக்கும். காதைத் தீட்டுங்கள். புதிதாக இருக்கும்போது காலடிச் சத்தம் லேசாக, ஒரே இடைவெளியில் வரும். களைத்த பிறகு 'தப், தப்' என்று பாதம் முழுசாகத் தரையில் அறையும். ஷூ அடி தாரில் உரசும் சத்தம் கேட்டால் தொடை தூக்க மறுக்கிறது என்று பொருள்.

பின்னாலிருந்து பார்த்தால் தோள் காதுப் பக்கம் ஏறியிருக்கும். முழங்கைகள் பக்கவாட்டில் விரியும். தலை லேசாகப் பின்னால் சாயும். மூச்சு இழுப்பதைவிட விடும் சத்தம் பெரிதாகும், சிலர் ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவார்கள். அடிக்கடி வாட்சைப் பார்ப்பதும் ஒரு அடையாளம். நன்றாக ஓடுகிறவருக்கு வாட்ச் ஞாபகமே வராது.

இதெல்லாம் உங்களைப் பற்றி அவருக்கும் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். அவர் பக்கத்தில் வந்ததும் தோளைத் தளர்த்தி, மூச்சை அடக்கி, "என்ன மாப்ள, எப்படிப் போகுது?" என்று கேட்பது பழைய தந்திரம். பதில் ஒரு வார்த்தையில் வந்தால் சந்தோஷப்படுங்கள். "ம்... நல்லாப் போகுதுடா, காத்துதான் கொஞ்சம் ஜாஸ்தி, நீ எப்படி இருக்க?" என்று முழு வாக்கியமாக வந்தால் நீங்கள்தான் மாட்டிக்கொண்டீர்கள்.

எந்த இடத்தில் முந்துவது?

அவர் வேகம் குறையும் இடத்தில். லேசான மேட்டின் உச்சியில், யூ-டர்ன் முடிந்து நேராகும் இடத்தில், தண்ணீர் மேசை தாண்டியதும். முந்தினால் முழுசாக முந்துங்கள். ஒரு 30, 40 அடி வேகமாக எடுத்துவைத்து, அவர் ஒட்டிக்கொள்ளும் தூரத்தைத் தாண்டிப் போய்விட வேண்டும். பக்கத்தில் வந்து தோளோடு தோள் நின்றால் அவருக்கு இலவசமாகத் தெம்பு கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

முந்திய பிறகு திரும்பிப் பார்க்காதீர்கள். இதற்கு ஓட்ட உலகில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1954 மே 6-ல் இங்கிலாந்தின் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் ஆனார், 3:59.4. கிறிஸ் பிராஷர், கிறிஸ் சாட்டவே என்ற இரு நண்பர்கள் அன்று அவருக்குப் பேஸர்கள். ஜூன் 21-ஆம் தேதியே ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி அந்தச் சாதனையை உடைத்துவிட்டார். ஆகஸ்ட் 7-ல் வான்கூவரில் இருவரும் நேருக்கு நேர். லாண்டி தொடக்கத்திலிருந்தே முன்னால். கடைசி வளைவில் பானிஸ்டர் எங்கே என்று இடது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தார். அந்த நொடியில் பானிஸ்டர் வலது பக்கமாக முந்திப் போனார். இருவரும் 4 நிமிடத்துக்குள் முடித்தார்கள், ஜெயித்தது பானிஸ்டர். அந்தத் திரும்பலை அப்படியே வெண்கலச் சிலையாக வடித்து வான்கூவரில் வைத்திருக்கிறார்கள். பாவம் லாண்டி!

சிப் டைமில் நான் முன்னால், ஆனால் லைனை முதலில் தொட்டது அவர். யார் ஜெயித்தது?

வாய்ச்சண்டை அதிகம் நடப்பது இதற்காகத்தான். பிப்புக்கு (நெஞ்சில் குத்தும் எண் அட்டை) பின்புறம் ஒட்டியிருக்கும் சிப், நீங்கள் ஸ்டார்ட் மேட்டை (தரையில் விரித்திருக்கும், சிப்பைப் படிக்கும் பாய்) தாண்டியதிலிருந்து ஃபினிஷ் மேட்டைத் தாண்டும் வரை அளக்கிறது. கன் டைம் என்பது துப்பாக்கி வெடித்ததிலிருந்து. கூட்டத்தில் 15 விநாடி பின்னால் புறப்பட்டவர், 10 விநாடி பின்னால் முடித்தாலும் சிப் டைமில் 5 விநாடி முன்னால்.

பரிசு, இடம் எல்லாம் பொதுவாக கன் டைம்படிதான், அதாவது யார் முதலில் வந்தார் என்பதுதான். உங்கள் சொந்தச் சாதனைக்கு சிப் டைம். நண்பர்களுக்குள் எது என்பதை முந்தின நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒன்றாகவே மேட்டைத் தாண்டிப் புறப்படுங்கள். பிறகு வழக்கே இல்லை.

இன்னொன்று, ஃபினிஷ் அலங்கார வளைவுக்குக் கீழே வந்ததும் பலர் நின்றுவிடுகிறார்கள். மேட் அதற்கு இரண்டடி தள்ளி இருக்கலாம். மேட்டைத் தாண்டி ஐந்து மீட்டர் வரை வேகத்தைக் குறைக்காதீர்கள். டிராக் போட்டியில் கோட்டைத் தொடுவது மார்புப் பகுதியாக இருக்க வேண்டும், தலையோ கையோ காலோ கணக்கில் வராது.

வாட்ச் 5.08 கி.மீ. காட்டுகிறது. தூரத்தை அதிகமாக வைத்துவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. முறைப்படி அளக்கும் பாதையில், வளைவுகளின் உள்ஓரத்தை ஒட்டி, எவ்வளவு குறுக்கே போக முடியுமோ அந்தக் குறுகிய கோட்டில்தான் அளப்பார்கள். சைக்கிள் சக்கரத்தில் ஒரு எண்ணும் கருவியைப் பொருத்தி அளப்பது வழக்கம். குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்துக்கு ஒன்று சேர்ப்பார்கள், 5 கிலோமீட்டருக்கு 5 மீட்டர். நாம் அந்தக் கோட்டில் ஓடுவதில்லை. ஆளைத் தாண்ட வெளியே போகிறோம், வளைவில் அகலமாகச் சுற்றுகிறோம். மரமும் கட்டடமும் இருக்கும் இடத்தில் ஜிபிஎஸ் வேறு தன் பங்குக்கு ஆடும்.

அதனால் வாட்ச் கிலோமீட்டருக்கு 5:30 காட்டினால் ரேஸ் கணக்குக்கு 5:34, 5:35 ஆகிவிடும். வாட்சைவிடக் காலின் பழக்கம்தான் கை கொடுக்கும் என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான். சாலையில் கிலோமீட்டர் போர்டு இருந்தால் அந்த இடத்தில் கையால் அழுத்திப் பாருங்கள். உள்ளூர் ரேஸ்கள் பல முறைப்படி அளக்கப்படாதவை என்பதும் உண்மை. நண்பர் உங்களோடு ஓடுவதால் உங்களுக்குள் கணக்கு எப்படியும் சரிதான்.

குறுகிய கோட்டில் ஓடலாம், பாதையில் வைத்திருக்கும் கோனைத் தாண்டி உள்ளே குறுக்கே ஓடக் கூடாது. புதுக்கோட்டையின் ஜி. லட்சுமணன், 2017-ல் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். அடுத்த வருடம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், டிராக்கின் உள்கோட்டைத் தாண்டி உட்புறம் கால் வைத்ததற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டு வெண்கலம் கை நழுவியது. அவ்வளவு பெரிய ஆளுக்கே அந்தக் கண்டிப்பு என்றால், நாம் மீடியனைத் தாண்டிக் குதிப்பதை என்ன சொல்வது?

நண்பருக்குப் பேஸராக நான் ஓடலாமா?

பெயர் பதிந்து, பிப் குத்திக்கொண்டு, தொடக்கத்திலிருந்து ஓடினால் தாராளமாக. கடைசி ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் நடுவில் குதித்து இழுப்பது, ஸ்கூட்டரில் பக்கத்தில் வந்து கத்துவது இதெல்லாம் வெளி உதவி, பரிசுக்கு ஓடுகிறவராக இருந்தால் அவர் இடமே பறிபோகலாம். பேஸராக ஓடும்போது அவருக்கு ஒன்றரை மீட்டர் முன்னால், ஓரமாக. "வாங்கண்ணா, இன்னும் கொஞ்சம்தான்" என்று ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் சொல்லாதீர்கள். எரிச்சல் வரும்.

எப்போதும் அவரே ஜெயிக்கிறார். இதில் எனக்கு என்ன சுவாரசியம்?

இடைவெளி ஒரு நிமிடத்துக்குள் என்றால் துரத்துங்கள், பயிற்சியில் பிடித்துவிடலாம். அதைவிடப் பெரியது என்றால் ஆட்டத்தையே மாற்றுங்கள்.

ஒன்று, முன்பின்னாகப் புறப்படும் ஓட்டம். உங்கள் நேரம் 30 நிமிடம், அவருடையது 26 என்றால் நீங்கள் கிளம்பி 4 நிமிடம் கழித்து அவர் கிளம்ப வேண்டும். இருவரும் தங்கள் வழக்கப்படி ஓடினால் ஃபினிஷில் ஒன்றாக வந்து சேர்வீர்கள், அன்று யார் கொஞ்சம் கூட முயன்றாரோ அவர் ஜெயிப்பார். துரத்துகிறவருக்கு ஒரு சுகம், துரத்தப்படுகிறவருக்கு ஒரு பதற்றம், இரண்டுமே நன்றாக ஓட வைக்கும். ஆஸ்திரேலியாவின் ஸ்டாவெல் ஊரில் 1878 முதல் நடக்கும் புகழ்பெற்ற புல்தரை ஓட்டமே இந்த வகைதான். அங்கே தூரம் 120 மீட்டர். திறமைக்கு ஏற்ப ஒவ்வொருவருக்கும் சில மீட்டர் முன்னால் புறப்படும் சலுகை. அப்பாவும் மகளும், கணவனும் மனைவியும் ஓட இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

இன்னொன்று, சொல்லி அடிக்கும் ஓட்டம். ஓடுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தங்கள் நேரத்தைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வாட்ச், போன் எல்லாம் கழற்றிவிட வேண்டும். எழுதியதற்கு யார் மிக அருகில் முடிக்கிறாரோ அவருக்குப் பரிசு. 40 நிமிடக்காரர் 20 நிமிடக்காரரை அடிக்க முடியும். வேகம் காலில் பழகியிருக்கிறதா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

பந்தயம் கட்டினால் நட்பு கெடாதா?

தோற்றவர் பிரியாணி வாங்கித் தர வேண்டும் என்ற அளவில் இருந்தால் கெடாது. கெடுப்பது வேறு விஷயங்கள். ஸ்டார்ட் லைனில் நின்றுகொண்டு "நேத்தே முட்டி வலி, ராத்திரி தூக்கமே இல்ல" என்று முன்ஜாமீன் வாங்குவது. ஜெயித்த பிறகு வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளைக்கு அதையே பேசுவது. தோற்ற பிறகு "நான் முழுசா ஓடவே இல்ல" என்பது. மூன்றில் கடைசிதான் மோசம், ஜெயித்தவரின் வெற்றியையும் சேர்த்துப் பறித்துக்கொள்கிறது.

செபாஸ்டியன் கோ, ஸ்டீவ் ஓவெட் என்ற இரு ஆங்கிலேயர்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 800 மீட்டர் கோவுக்கு, 1500 ஓவெட்டுக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 800-ஐ ஓவெட் ஜெயித்தார், 1500-ஐ கோ ஜெயித்தார். அடுத்த வருடம் ஆகஸ்டில் பத்து நாளுக்குள் மைல் உலக சாதனை இவர்களுக்குள்ளேயே மூன்று முறை கைமாறியது. வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்று ஓட்டங்களும் மூன்று தனித்தனி ஊர்களில் நடந்தவை, ஒன்றில்கூட இருவரும் நேருக்கு நேர் ஓடவில்லை. உங்களுக்கு அந்த ஆள் தினமும் காலையில் ஐந்தரைக்கு வாசலில் வந்து நிற்கிறார்.

புழுக்கமான நாளில் என்ன செய்வது?

சென்னை போன்ற கடலோர ஊர்களில் விடியற்காலையில் வெயில் இல்லாவிட்டாலும் காற்றில் ஈரம் மிக அதிகம். வியர்வை வழியும், காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அப்படிப்பட்ட நாளில் கிலோமீட்டருக்கு 10, 15 விநாடி கூட்டி இலக்கு வைத்துக்கொள்ளுங்கள், போட்டி இருவருக்குமே அதே புழுக்கத்தில்தான்.

தலைசுற்றல், குளிர்வது போன்ற சிலிர்ப்பு, வாந்தி வருவது போன்ற உணர்வு, கால் பின்னுவது, இதில் எது வந்தாலும் நின்றுவிட வேண்டும். நண்பர் தடுமாறுவதைப் பார்த்தால் நீங்களும் நில்லுங்கள். நிழலில் உட்கார வைத்து, தலை, கழுத்தில் தண்ணீர் ஊற்றி, மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள். அவர் "நீ போடா" என்று சொன்னாலும் போகக் கூடாது. பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாலோ 108-ஐ அழைக்கத் தாமதிக்க வேண்டாம்.

காலையில் சாப்பிட்டுவிட்டு ஓடலாமா? வார்ம்-அப் வேண்டுமா?

ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு துண்டு ரொட்டி, ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு. காபி பழக்கம் இருந்தால் குடியுங்கள், புதிதாக எதையும் அன்று முயல வேண்டாம். வழியில் தண்ணீர் இந்தத் தூரத்துக்கு அவசியமில்லை, தொண்டை காய்ந்தால் ஒரு வாய்.

வார்ம்-அப் கட்டாயம், தூரம் குறையக் குறைய அது முக்கியம். பத்து நிமிடம் மெதுவோட்டம், பிறகு 80 மீட்டர் அளவில் நாலு முறை வேகம் கூட்டி ஓடுவது. மேடையில் ஸ்பீக்கர் அலற நடக்கும் ஜும்பா வேடிக்கைக்கு நல்லது, கைதான் சூடாகும்.

கைகோர்த்து ஒன்றாக ஃபினிஷ் பண்ணலாமா?

போட்டோ நன்றாக வரும். உங்களுக்குப் பின்னால் 24:59-க்காக உயிரைக் கொடுத்து ஓடிவரும் மூன்றாவது ஆளுக்கு வழி விட்டுச் செய்யுங்கள். பரிசு வட்டத்தில் இருக்கிறீர்கள் என்றால் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் வேண்டுமென்றே சமமாக முடிப்பதற்குத் தடை உண்டு. 2019 ஆகஸ்டில் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் முதல் இரண்டு இடத்தில் வந்த ஜெஸ் லியர்மன்த், ஜார்ஜியா டெய்லர்-பிரவுன் என்ற இரு பிரிட்டன் பெண்கள் கைகோர்த்து முடித்ததற்காக இருவருமே தகுதி இழந்தார்கள். ஊர் ரேஸில் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள்தான். ஆனாலும் ஐந்து கிலோமீட்டர் அடித்துப்பிடித்து ஓடிவிட்டுக் கடைசி பத்து மீட்டரில் சமாதானம் பேசுவது எனக்கு ஒப்பாது.

அடுத்த ரேஸ் எப்போது வைத்துக்கொள்ளலாம்?

தோற்றவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கேட்பார். கொடுக்காதீர்கள். நாலைந்து நாள் மெதுவோட்டம், பிறகு பழைய பயிற்சி, மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி. அதற்குள் ஊரில் ரேஸ் இல்லை என்றால் நீங்களே வைத்துக்கொள்ளலாம். லண்டனின் புஷி பூங்காவில் 2004 அக்டோபர் 2-ஆம் தேதி 13 பேர் இலவசமாகக் கூடி 5 கி.மீ. ஓடி நேரம் குறித்துக்கொண்டார்கள். பார்க்ரன் என்ற பெயரில் பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஓட்டம் அங்கேதான் தொடங்கியது. உங்களுக்கு இரண்டு பேர் போதும். ஒரே பாதை, ஒரே புறப்படும் இடம், மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நேரத்தை எழுத ஒரு நோட்டு, வெப்பம், காற்று பற்றி அதில் ஒரு வரி. நேரம் குறிக்க மூன்றாவது ஆள் ஒருவர் வந்தால் நல்லது, அவருக்கு டீ வாங்கித் தருவது தோற்றவர் பொறுப்பு.